டெய்லரக்காவுக்காக எடுத்த டெண்டர்

என் அக்காவுக்குச் சட்டை தைக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியவந்தபோது எங்கள் எதிரில் அரசாங்கத்தின் டெண்டர் கமிட்டி உட்கார்ந்திருந்தது. வீட்டிலோ கல்யாண மண்டபத்திலோ தெரியவந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். தெரிந்துகொள்ள வேறு இடமா கிடைக்கவில்லை?

அக்கா கார்மென்ட்ஸில் வேலை பார்த்தவள். கல்யாணமான புதிதில் சேர்ந்து, மாமா போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு நாள் விடாமல் போய்வந்தவள். விவேக் நகரில் எங்கள் தெருவுக்கே அவள் டெய்லரக்கா. யாராவது புடவைக்கு ஃபால் அடிக்கத் தூக்கிக்கொண்டு வந்தால், "நாள் பூரா அதையே மிதிச்சிட்டு வரேன், வீட்லயும் மிதிக்கணுமா? ஆளை விடுங்கம்மா" என்று விரட்டிவிடுவாள். தன்னுடைய ப்ளவுஸைக்கூடத் தெருமுனை பாய் கடையில்தான் கொடுப்பாள். மகாராணிக்குக் கொழுப்பு என்று நான் கிண்டல் செய்வேன். அவளும் சிரிப்பாள். கொழுப்பு என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம்.

ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனவர்கள் கம்பெனி கேட்டில் பூட்டைப் பார்த்தார்கள். எட்டிப் பார்த்தால் உள்ளே மெஷின்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமையே லாரி வைத்து வழித்துக்கொண்டு போயிருக்கிறான் பாவி முதலாளி. அத்தனை பெண்களும் சாப்பாட்டு டப்பாவோடு ரோட்டில் நின்றார்கள். அக்கா மத்தியானம் வரை அங்கேயே நின்றுவிட்டு, சாப்பாட்டைப் பிரிக்காமலே திரும்பி வந்தாள். மூன்றாம் மாதம் வாடகை கொடுக்க முடியாமல் மகளோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். என் வீடு ஒரு ஹால், ஒரு சமையலறை. என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். அவர் பேசாமல் இருக்க இருக்க, அக்கா சோற்றைக் குறைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். "ஒரு ரூம் எடுத்துட்டுப் போயிடணும்டி" என்பதைத் தவிர அவள் வாயில் வேறு பேச்சே இல்லை.

நான் அப்போது ஒரு தொழிற்சங்க ஆபீஸில் டைப்பிஸ்ட். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் தட்டுவேன். டீயும் நான்தான் போடுவேன். எங்கள் தலைவர் பழைய மில் தொழிலாளி. கம்பெனி வாசலில் போடும் கேட் மீட்டிங்கில் அவர் தொண்டையைத் திறந்தால் மைக் வேண்டாம். ஆனால் தொண்ணூறுகளில் ஒவ்வொரு கம்பெனியாக இழுத்து மூடிக்கொண்டு வந்தார்கள். கேட்டே இல்லாத ஊரில் கேட் மீட்டிங் எங்கே போடுவது? அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் வேலையில்லாத பெண்களுக்குத் தையல் பயிற்சி கொடுக்க டெண்டர் விட்டது. பயிற்சி கொடுக்கும் நிறுவனத்துக்குப் பணம், படிக்க வருகிறவர்களுக்கு உதவித்தொகை, சொல்லிக்கொடுப்பவருக்குச் சம்பளம். பேப்பரில் அதைப் படித்த தலைவர் மேசையை ஒரு தட்டு தட்டினார்.

"ஏம்மா, இதை நாம எடுத்தா என்னா? நம்ம பொம்பளைங்களுக்கு இல்லாத திறமையா? உங்கக்காவையே வாத்தியாரா போட்டுடலாம்."

எனக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாத்தியார் சம்பளத்தில் அக்கா தாராளமாக ஒரு ரூம் எடுக்கலாம்.

சங்கத்தின் பெயரில் டெண்டர் போட முடியாது என்றார்கள். அதனால் சங்கத்தை ஒட்டி ஒரு பயிற்சிக் கழகம் என்று தனியாகப் பதிவு செய்தோம். விண்ணப்பத்தைத் தலைவரே சொல்லச் சொல்ல நான் தட்டினேன். வாழ்நாள் முழுக்க முதலாளிகளுக்குக் கோரிக்கை மனு எழுதிய மனுஷன். டெண்டருக்கும் அதே பாணிதான் வந்தது. "பெண் தொழிலாளர்களின் நியாயமான கோரிக்கைகள்" என்று தொடங்கி, "தவறும் பட்சத்தில் கால வரையற்ற போராட்டத்தில் இறங்க நேரிடும் என்று இதன் மூலம் எச்சரிக்கிறோம்" என்று முடித்தார். நான் கையை எடுத்துவிட்டேன்.

"தலைவரே, நாம கான்ட்ராக்ட் கேக்கறோம். மிரட்டிக் கேட்டா யாராவது குடுப்பானா?"

"மிரட்டாம இதுவரைக்கும் எவன் குடுத்திருக்கான்?" என்றார். ஆனாலும் கடைசி வரியை அவருக்குத் தெரியாமல் விட்டுவிட்டுத்தான் தட்டினேன். பயிற்சியாளர் என்ற இடத்தில் அக்காவின் பெயரையும், தையல் துறையில் நீண்ட அனுபவம் என்பதையும் பெருமையாகச் சேர்த்தேன்.

எங்களோடு போட்டி போட்டவர்கள் ஏசி ரூமில் கம்ப்யூட்டர் வைத்துப் பயிற்சி நடத்துகிறவர்கள். வழவழப்பான தாளில் கலர் படம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். நம்மை எவன் சீண்டுவான் என்று நான் விட்டுவிட்டேன். ஆனால் முதல் கட்டத்தில் தேறிவிட்டோம்! இடத்தையும் பயிற்சியாளரையும் நேரில் பார்க்கக் கமிட்டி வருவதாகத் தகவல் வந்தது. பார்த்துத் திருப்திப்பட்டால்தான், எவ்வளவு பணத்துக்கு நடத்துவோம் என்று நாங்கள் எழுதி ஒட்டிக் கொடுத்த விலைக் கவரைப் பிரிப்பார்களாம்.

சங்க ஹாலுக்குச் சுண்ணாம்பு அடித்து, இரவல் மெஷின்களை வரிசையாகப் போட்டு, பயிற்சியில் சேரப்போகும் அக்காவின் பழைய கம்பெனிப் பெண்களைத் தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொன்னோம். அன்றைக்கு வியாழக்கிழமை. வியாழன்தோறும் எங்கள் பக்கத்துச் சர்ச்சுக்கு வரும் கூட்டத்தில் கமிட்டியின் ஜீப் மாட்டிக்கொண்டு, தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. மூன்று பேர். பெரிய அதிகாரி ஒரு கன்னடத்து அம்மா, கஞ்சி போட்ட காட்டன் புடவை, சிரிக்காத முகம். ஹாலைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு கூட வந்தவரின் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து அக்கா முன்னால் வைத்தார்.

"ஒந்து சிக்க ஷர்ட் ஹொலிது தோர்ஸம்மா" என்றார். ஒரு சின்னச் சட்டை தைத்துக் காட்டு, அவ்வளவுதான்.

அக்கா துணியைப் பிரித்தாள். மடித்தாள். மறுபடியும் பிரித்தாள். புரட்டிப் பார்த்தாள். பதற்றத்தில் தடுமாறுகிறாள் போல என்று நான் நினைத்தேன். கண்ணால் தைரியம் சொன்னேன். அவள் நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்து, சின்னக் குரலில் கேட்டாள்.

"காலர் பீஸ் எங்க மேடம்?"

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. "அதுலதான்க்கா வெட்டணும், எல்லாம் அதுலதான்" என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எங்கள் அம்மா செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"நீவு டைலர் அல்வா?" நீங்கள் டெய்லர்தானே என்று கேட்டார் அந்த அம்மா.

"காலர் மட்டும் மேடம்" என்றாள் அக்கா. "எனக்குக் காலர் மட்டும்தான் தெரியும். வெட்டின பீஸு பண்டல் கட்டி வரும். சட்டையில காலரை வச்சுப் பிடிப்பேன். அடுத்த பொண்ணுகிட்ட தள்ளிடுவேன். அது கையை வைக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம்? இத்தனை வருஷமும் ஒரு மனுஷி காலரை மட்டுமா வைத்துக்கொண்டிருந்தாள்? சரி, அடுத்தவள் கை வைக்கிறவள், அதற்கடுத்தவள் கஃப் பிடிக்கிறவள், எல்லாரும் இங்கேயேதான் தலைக்குக் குளித்துவிட்டு நிற்கிறார்கள், சேர்ந்தே தைத்துக் காட்டுங்களேன் என்று கத்தினேன். ஒருத்தியும் நகரவில்லை. ஒருத்தி மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"கட்டிங் செக்ஷன்ல ஆம்பளைங்கதானே. நாங்க கத்தரி பிடிச்சதே இல்லக்கா. நூல் வெட்ற சின்னது மட்டும்தான் எங்க கையில."

ஒரு ஹால் நிறைய டெய்லர்கள். அந்தத் துணியில் கத்தரி வைக்க ஒரு ஆள் இல்லை. துணி மேசையில் அப்படியே கிடந்தது. நான் தலைவரைப் பார்த்தேன். எங்கள் திறமைக்கு என்னடா விலை என்று இந்தப் பெண்களுக்காக எத்தனையோ கேட்டில் நின்று முழங்கியவர் அவர். வாயைத் திறந்தபடி நின்றாரே தவிர சத்தம் வரவில்லை.

கமிட்டியில் ஒருவர் ஃபைலை மூடினார். அந்தச் சத்தத்தில் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கன்னடமா தமிழா என்று பார்க்காமல் கொட்டித் தீர்த்துவிட்டேன். "இவங்க தைச்ச சட்டைதான் மேடம் கப்பல் ஏறி வெள்ளைக்காரன் உடம்புக்குப் போச்சு! இத்தனை வருஷம் வேலை வாங்கினவன் ஒரு சட்டையை முழுசா தைக்கக் கத்துக்குடுக்கல. பூட்டிட்டுப் போயிட்டான். இப்ப இவங்களுக்குக் கைத்தொழில் இருக்கா இல்லையா, நீங்களே சொல்லுங்க!"

பேசி முடித்த பிறகுதான் எதிரில் இருப்பது கமிட்டி என்பது எனக்கு உறைத்தது. அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. வரிசையாக ஒவ்வொருத்தியிடமும் நீ என்ன தைப்பாய் என்று கேட்டார். கை, கஃப், பாக்கெட், பட்டன் பட்டி என்று ஆளுக்கொரு துண்டு சொன்னார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இந்தத் திட்டம் தொழில் தெரியாதவர்களுக்கானது, தொழில் தெரிந்தவர்கள் என்று நினைத்து உங்களை இந்தத் திட்டத்தில் சேர்க்க முடியாமல் போகுமோ என்று வரும்போது யோசித்தேன், இனி அந்தக் கவலை இல்லை என்றார். பயிற்சியாளரை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்றார். அக்காவைப் பார்த்து, "பேஜார் மாட்கோபேடம்மா" என்று வருத்தப்பட வேண்டாம் என்றும் சொன்னார்.

கவரைப் பிரித்ததில் எங்கள் விலைதான் குறைவு. டெண்டர் எங்களுக்கு! ஆபீஸில் தலைவர் லட்டு வாங்கி எல்லார் வாயிலும் திணித்தார். அக்காவின் ரூமுக்காக எடுத்த டெண்டர். அக்காவுக்கு மட்டும் அதில் இடமில்லை. மாணவியாக வேண்டுமானால் வரலாம்.

அதை அவளிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே கேட்டாள்.

"அப்ப நான் இத்தனை வருஷம் என்ன வேலைடி பார்த்தேன்?"

"அக்கா..."

"இல்ல, கேக்கறேன். டெய்லரக்கா டெய்லரக்கான்னு தெருவே கூப்பிட்டுச்சே. நானும் திரும்பிப் பார்த்தேனே. எனக்கே தெரியாம இல்லடி. தெரியும். தைக்கத் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது? அதனாலதான் விரட்டி விட்டேன்." அதற்கு மேல் அவள் அழுதாள். நானும் அழுதேன். அரிசித் தண்ணீர் நிரம்பி வழிந்தது, இரண்டு பேரும் குழாயை மூடவில்லை.

மாணவியாக வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அவள் வராவிட்டால் நாங்களும் வரமாட்டோம் என்றார்கள் மற்ற பெண்கள். டெய்லரக்காவே தலைகுனிஞ்சு உட்காந்திருக்க, எங்களுக்கு என்னா பாடம் என்றார்கள். ஆள் சேராவிட்டால் டெண்டர் ரத்து. தலைவர் எங்கள் வீட்டுக்கே வந்து கெஞ்சினார். முதலாளிகளிடம் கெஞ்சாத மனுஷன். கடைசியில், "கடைசி வரிசையிலதான் உட்காருவேன், யாரும் என்னைக் கேள்வி கேக்கக் கூடாது" என்று இறங்கி வந்தாள்.

பயிற்சியாளர் யார்? தெருமுனை பாய்தான். அவர் சுலபத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஊருக்கே கத்துக்குடுத்துட்டா என் கடையில ஈதானம்மா ஓட்டணும்?" என்று முறைத்தார். சம்பளத்தைச் சொன்னதும், "ஈ ஓட்டறதும் ஒரு வேலைதான்" என்று வந்து சேர்ந்தார்.

முதல் வாரம் முழுக்கப் பழைய பேப்பரை வெட்டினார்கள். துணியில் கத்தரி வைக்க அக்காவின் கை ஒத்துக்கொள்ளவேயில்லை. கம்பெனியில் ஒரு தையல் பிசகினாலே சூப்பர்வைசர் முகத்தில் வீசி எறிவானாம். துணியையே வெட்டுவது என்றால் குலை நடுங்காதா? பாய் பின்னால் நின்று, "வெட்டும்மா, போனா சங்கத்துத் துணிதானே போகுது, உங்கப்பா வீட்டுச் சொத்தா?" என்று கத்துவார். ஒரு நாள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வெட்டினாள். அக்கா தைத்த முதல் முழுச் சட்டையின் காலரை மந்திரி போட்டுக்கொள்ளலாம். மற்றதெல்லாம் வைக்கோல் பொம்மைக்குத்தான் ஆகும். தலைவர் அதைத்தான் போட்டுக்கொண்டு அரசு அலுவலகத்துக்கே போய்வந்தார். ஒரு கை மணிக்கட்டில், ஒரு கை விரல் நுனியில். அக்கா வெட்கத்தில் செத்துப் போனாள். ஆனால் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று!

பயிற்சி முடிவதற்குள் அவள் சட்டை, ப்ளவுஸ், பாவாடை எல்லாம் தைத்தாள். எனக்கு ஒரு ப்ளவுஸ் தைத்தாள். அக்குளில் கொஞ்சம் பிடிக்கும், ஆனாலும் நான் அதைத்தான் கல்யாணங்களுக்குப் போட்டுக்கொண்டு போனேன். பயிற்சி முடிந்ததும் அரசாங்க முத்திரையோடு சான்றிதழ் கொடுத்தோம். அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

டெண்டரில் இன்னொரு நிபந்தனை இருந்தது. படித்தவர்களுக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தால்தான் அடுத்த வருஷமும் பயிற்சி எங்களுக்கு. பொம்மனஹள்ளி தாண்டி ஒரு புதுக் கார்மென்ட்ஸ் கம்பெனி ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு நானே போனேன். சான்றிதழை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருத்திக்கும் சொல்லியிருந்தேன். எனக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போவது போன்ற மிதப்பு.

கேட்டுக்குள் மேசை போட்டு டை கட்டிய ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். வரிசையில் முதலில் நின்றவள் கஃப் பிடிக்கிறவள். சான்றிதழை இரண்டு கையாலும் நீட்டினாள். அவன் வாங்கிப் பார்த்தான்.

"ஓ, கவர்ன்மென்ட் ட்ரெய்னிங்கா? அப்ப நீ ஃப்ரெஷர். ஹெல்பர் கிரேடு. ஒரு வருஷம் போகட்டும், ஆபரேட்டர் சம்பளம் பாக்கலாம்."

ஹெல்பர் என்றால் நூல் வெட்டுகிறவள், பண்டல் தூக்குகிறவள், புதிதாக வந்த சின்னப் பெண். மெஷினில் உட்கார்ந்து தைக்கிறவள்தான் ஆபரேட்டர், அவளுக்குத்தான் முழுச் சம்பளம். எனக்குக் காதில் விழுந்தது சரிதானா என்றே சந்தேகமாகிவிட்டது. இவர்கள் கை பட்ட சட்டை எத்தனை, இவர்கள் ஹெல்பரா? அதுவும் நாங்கள் கொடுத்த காகிதத்தைப் பார்த்தா? நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டாவதாக நின்ற அக்கா எட்டி, அவன் கையிலிருந்து சான்றிதழைப் பிடுங்கிவிட்டாள்.

"அது இவளுது இல்ல சார், இவ தங்கச்சியுது. தவறிப்போய் எடுத்துட்டு வந்துட்டா. இவ பழைய கை. கஃப் ஆபரேட்டர். மெஷின்ல உக்கார வச்சுப் பாருங்க."

அவன் சந்தேகமாகப் பார்த்தான். "நீ?"

"நான் காலர் அட்டாச் சார்."

"வேற?"

"வேற ஒண்ணும் தெரியாது சார்" என்றாள் அக்கா. முகத்தில் ஒரு சலனம் இல்லை. பின்னால் கையை நீட்டி எதையோ சைகை காட்டினாள். நான் திரும்பிப் பார்த்தேன். வரிசை முழுக்கச் சான்றிதழ்கள் மறைந்துகொண்டிருந்தன. ஒருத்தி முந்தானைக்குள் செருகினாள், ஒருத்தி சாப்பாட்டுப் பைக்குள் மடித்துத் திணித்தாள். "ஸ்லீவ் சார்." "பாக்கெட் சார்." "பட்டன் பட்டி சார்." ஒவ்வொருத்தியாக உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்து, தன் துண்டை மட்டும் தைத்துக் காட்டிவிட்டு, ஆபரேட்டர் சம்பளத்தில் வேலையோடு வெளியே வந்தாள். நான் சங்க ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றேன். நான் ராத்திரி பகலாகத் தட்டி, சண்டை போட்டு, அழுது எடுத்த டெண்டர், இந்தக் கேட்டில் ஒளித்து வைக்க வேண்டிய பொருளாகிவிட்டது.

அரசாங்கத்துக்கு அனைவருக்கும் வேலை கிடைத்தது என்று எழுதினோம். பொய் இல்லை. அந்தக் கன்னடத்து அம்மா தலைவரைக் கூப்பிட்டுப் பாராட்டினார். அடுத்த வருஷமும் எங்களுக்கே கிடைத்தது. அக்கா தொம்மலூரில் ஒரு ரூம் எடுத்துக்கொண்டு போனாள்.

ஆனால் வேலை கிடைத்த அன்றைக்கு, பஸ் ஸ்டாப்பில், என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "எவ்வளவு கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டே! கடைசியில வேற ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டியே! எதுக்குக்கா அப்ப அதெல்லாம்?" என்று நடுரோட்டில் அவளைப் பிடித்துக் கத்தினேன்.

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. தன் சான்றிதழை ஜாக்கெட்டுக்குள்ளிருந்து எடுத்து, கசங்கிய மூலையை விரலால் நீவிவிட்டாள்.

"எனக்குச் சட்டை தைக்கத் தெரியும்டி" என்றாள். "அதை எதுக்கு நான் அவன்கிட்ட சொல்லணும்?"